நோயாளிக்கு முன்னால் இயந்திரத்துக்குப் பரிசோதனை



சென்ற பொங்கல் விழாவில் நண்பர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். அவருடைய அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து மகனோடு இங்கே நியூஜெர்சியில் தங்கியிருப்பவர். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, அப்போது கதிர்வீச்சு சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு மருத்துவமனைக்குப் போனவர்களை முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். கேட்டதற்கு, "இன்றைய காலைப் பரிசோதனையில் ஒரு எண் சரியாக வரவில்லை, பிசிசிஸ்ட் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று பதில் வந்ததாம். பிறகு சிகிச்சை வழக்கம்போல் நடந்தது. ஆனால் வீடு திரும்பும்போது காரில் அம்மா கேட்டாராம்: "ஏண்டா, அந்த மெஷினை தினமும் டெஸ்ட் பண்ணுவாங்களாமே. அப்படின்னா அது தினமும் கெட்டுப்போகுமா?"

மகனுக்கும் பதில் தெரியவில்லை. "வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாமா?" என்று எங்களிடம் கேட்டார். மாற்ற வேண்டாம், அந்த முக்கால் மணி நேரத்துக்காக நீங்கள் அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றோம். ஏன் என்று விளக்குவதற்குள் மேடையில் கோலாட்டம் தொடங்கிவிட்டது. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம். நாங்கள் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள். எங்கள் நாள் ஒவ்வொன்றும் இந்தப் பரிசோதனையோடுதான் தொடங்குகிறது.

'கரண்ட்' வைக்கும் இயந்திரம்

நம் ஊரில் கதிர்வீச்சு சிகிச்சையை 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்வார்கள். கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், இன்றைய இயந்திரங்களைப் பொறுத்தவரை இந்தப் பெயரில் ஒரு நியாயம் இருக்கிறது.

பழைய இயந்திரங்களில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அந்தப் பத்தாண்டிலேயே கோபால்ட் இயந்திரம் வந்து சேர்ந்தது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அங்கே ஆயிரக்கணக்கான ஏழை நோயாளிகளைக் கவனித்துக்கொண்டார்கள். கோபால்ட்டின் வலிமை ஏறத்தாழ ஐந்தே கால் ஆண்டில் பாதியாகும், அதாவது மாதத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் குறையும். அடுத்த தீபாவளி அன்று எவ்வளவு இருக்கும் என்பதை இன்றே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

இன்று அமெரிக்காவில் பெரும்பாலான மருத்துவமனைகளில் இருப்பது லீனியர் ஆக்சிலரேட்டர். சுருக்கமாக 'லினாக்' என்பார்கள். 1953-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் இது முதலில் பயன்பட்டது. அமெரிக்காவில் முதலில் பயன்பட்டது நம் விரிகுடாப் பகுதி வாசகர்களின் ஊரில்தான். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டாக்டர் ஹென்றி காப்லானும் இயற்பியலாளர் எட்வர்ட் கின்ஸ்டனும் உருவாக்கிய இயந்திரத்தில், 1956 ஜனவரியில் சான்ஃப்ரான்சிஸ்கோவில், கண்ணில் புற்றுநோய் வந்த ஒரு சிறுவனுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. புற்றுநோயால் ஒரு கண்ணை ஏற்கனவே இழந்திருந்த அந்தக் குழந்தைக்கு மற்றக் கண்ணின் பார்வை காப்பாற்றப்பட்டது. குழந்தையின் கண்ணுக்குள் குறி வைப்பதென்றால் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

லினாக்கில் கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லை. மின்சாரத்திலிருந்து நுண்ணலைகளை உண்டாக்கி, அவற்றின் மேல் எலெக்ட்ரான்களை ஏற்றி, ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு விரட்டி, டங்ஸ்டன் தகட்டில் மோத விடுகிறார்கள். அந்த மோதலில்தான் எக்ஸ்ரே பிறக்கிறது. சுவிட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும். ஆக, 'கரண்ட்' என்று சொல்லும் பாட்டி தவறாகச் சொல்லவில்லை!

கோபால்ட்டைப் போல லினாக்கின் கதிர் அளவை முன்கூட்டியே கணக்குப் போட முடியாது. இயந்திரத்தின் தலைப்பகுதியில் மெல்லிய அளவுமானிகள் இருக்கின்றன. வெளியே போகும் கதிரை அவை எண்ணிக்கொண்டே வந்து, டாக்டர் எழுதிய அளவு வந்ததும் 'போதும்' என்று நிறுத்துகின்றன. ஒன்று தவறினால் நிறுத்துவதற்கு இன்னொன்று தனியாக இருக்கிறது. ஆனால் எந்த அளவுமானியும் நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக நகரக் கூடியது. நகைக்கடையில் காலையில் கடை திறந்ததும் தராசில் ஒரு படிக்கல்லை வைத்து முள் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள் அல்லவா? தராசு கெட்டுவிட்டது என்பதால் அப்படிச் செய்வதில்லை. அன்றைக்கு நிறுக்கப் போவது தங்கம் என்பதால் செய்கிறார்கள். அம்மாவின் கேள்விக்கு எங்கள் பதிலும் இதுதான்.

காலை ஆறரை மணிக்கு என்ன நடக்கிறது?

முதல் நோயாளி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக ரேடியேஷன் தெரபிஸ்ட் வந்து இயந்திரத்தைச் சூடாக்குகிறார். பிறகு பரிசோதனை தொடங்கும். என்னென்ன பார்க்க வேண்டும், எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்பதற்கு அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் எழுதிய வழிகாட்டி இருக்கிறது. 1994-ல் ஒன்று வந்தது. 2009-ல் வந்த 'டி.ஜி.-142' அதை விரிவாக்கியது. மருத்துவமனைக்கு மருத்துவமனை சிறு மாற்றங்கள் இருந்தாலும் தினசரிப் பட்டியலில் முக்கியமானவை இவை:

1. கதவு. சிகிச்சை அறையின் கனமான கதவு திறந்திருந்தால் கதிர் வரக் கூடாது. கதிர் வந்துகொண்டிருக்கும்போது கதவைத் திறந்தால் உடனே நிற்க வேண்டும். இரண்டையும் செய்து பார்க்கிறோம். கதிர் வரும்போது எரிய வேண்டிய எச்சரிக்கை விளக்கையும், அறைக்குள் கதிர் இருப்பதைக் காட்டும் கருவியையும் கையோடு பார்த்துவிடுகிறோம்.

2. கேமராவும் இண்டர்காமும். சிகிச்சையின்போது நோயாளி அறைக்குள் தனியாக இருப்பார். வெளியே இருக்கும் தெரபிஸ்டுக்கு அவரைப் பார்க்கவும், அவர் குரலைக் கேட்கவும் முடிய வேண்டும். ஒருவர் உள்ளே போய்ப் பேசுவார், இன்னொருவர் வெளியிலிருந்து கேட்பார். பட்டியலிலேயே மிகச் சாதாரணமாகத் தோன்றும் வரி இதுதான். இதன் கதையைக் கீழே சொல்கிறோம்.

3. லேசர் கோடுகள். சுவர்களிலிருந்தும் கூரையிலிருந்தும் வரும் லேசர் கோடுகள் அறையின் நடுவில் ஒரு புள்ளியில் சந்திக்கும். இயந்திரம் எந்தப் பக்கம் சுழன்றாலும் கதிர் அந்தப் புள்ளியைத்தான் குறி வைக்கும். நோயாளியின் தோலில் வைக்கும் அடையாளங்களை இந்தக் கோடுகளோடுதான் பொருத்துகிறோம். சாதாரண சிகிச்சைக்கு 2 மில்லிமீட்டர் வரை விலகல் இருக்கலாம். மூளைக்குள் இருக்கும் சிறிய கட்டிகளுக்கு ஓரிரு முறையில் அதிக அளவு கொடுக்கும் சிகிச்சை என்றால் 1 மில்லிமீட்டர்தான்.

4. தூரமும் திறப்பின் அளவும். இயந்திரத்திலிருந்து தோல் வரை உள்ள தூரத்தைக் காட்டும் ஒளிக்கோல் சரியாக இருக்கிறதா? 10 சென்டிமீட்டர் சதுரம் கேட்டால் அதே அளவு திறக்கிறதா? இவற்றுக்கும் 2 மில்லிமீட்டர் எல்லை.

5. கதிரின் அளவு. ஒரு பலகை போன்ற கருவியைச் சிகிச்சைப் படுக்கையில் வைத்து, லேசரோடு பொருத்தி, குறிப்பிட்ட அளவு கதிரைச் செலுத்துகிறோம். கருவிக்குள் இருக்கும் சிறிய உணரிகள் எவ்வளவு வந்தது என்று சொல்லும். கதிர் நடுவிலும் ஓரத்திலும், இடப்புறமும் வலப்புறமும் சீராக இருக்கிறதா என்பதையும் காட்டும். எக்ஸ்ரே கதிர் அளவு வழக்கமான அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது.

6. படமெடுக்கும் கருவி. இப்போது பெரும்பாலான லினாக்குகளில் ஸ்கேன் வசதியும் சேர்ந்தே வருகிறது. உள்ளே ஒரு சிறு குண்டு பதித்த கனசதுரப் பெட்டியை வேண்டுமென்றே ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் படம் எடுப்போம். எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று இயந்திரம் சரியாகக் கண்டுபிடித்து, படுக்கையை நகர்த்தி, குண்டை மையத்துக்குக் கொண்டு வர வேண்டும். இயந்திரத்தின் கண்ணும் கையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது இது.

எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குள் முடியும் வேலை. தெரபிஸ்ட் எண்களைப் பதிவு செய்வார். மருத்துவ இயற்பியலாளர், அதாவது பிசிசிஸ்ட், அவற்றைச் சரிபார்ப்பார். நோயாளிகளில் பலர் இந்தப் பிசிசிஸ்டைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

3 சதவீதம் என்றால் எவ்வளவு?

'மூன்று சதவீதம்தானே' என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கதிர் அளவைக் 'கிரே' என்ற அலகில் சொல்கிறோம். ஒருவருக்கு நாளுக்கு 2 கிரே வீதம் 30 நாள், மொத்தம் 60 கிரே என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் ஒவ்வொரு நாளும் 3 சதவீதம் குறைத்துக் கொடுத்தால் 30 நாளில் 1.8 கிரே குறைந்துவிடும். கிட்டத்தட்ட ஒரு முழு நாள் சிகிச்சையே காணாமல் போனதற்குச் சமம். கூட்டிக் கொடுத்தால், கேட்காத ஒரு நாள் சிகிச்சை கூடுதலாக நுரையீரலுக்கோ குடலுக்கோ போய்ச் சேரும்.

நோயாளியின் உடலுக்குள் சேரும் மொத்த அளவு, எழுதியதிலிருந்து 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பல காலமாக உள்ள இலக்கு. அந்த 5 சதவீதத்தில் பல பேருக்குப் பங்கு உண்டு. நோயாளி சற்றே நகர்ந்து படுப்பது, கணினிக் கணக்கின் தோராயம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதனால் இயந்திரத்துக்கு அதிகம் விட்டுக்கொடுக்க முடியாது. தினமும் 3 சதவீதம், மாதாந்திரப் பரிசோதனையில் 2 சதவீதம், ஆண்டுப் பரிசோதனையில் 1 சதவீதம் என்று எல்லை இறுகிக்கொண்டே போகிறது.

எல்லைக்குள் இருக்கிறது என்பதற்காக நாங்கள் கண்ணை மூடிக்கொள்வதும் இல்லை. வழக்கமான அளவை 100 என்று வைத்தால், இன்று 100.4, அடுத்த வாரம் 101.1, அதற்கடுத்த வாரம் 101.9 என்று ஏறிக்கொண்டே போனால், ஒவ்வொன்றும் 'பாஸ்'தான் என்றாலும் கோடு எங்கே போகிறது என்று பிசிசிஸ்டுக்குத் தெரிந்துவிடும். 103-ஐத் தொடும் வரை காத்திராமல் சரிசெய்துவிடுவார்.

சரி, 103.3 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் கருவியை வைத்த விதம் சரியா, தூரம் சரியா, அறையின் வெப்பமும் காற்றழுத்தமும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து மறுபடி அளக்கிறோம். மறுபடியும் அதே எண் வந்தால் பிசிசிஸ்ட் வேறொரு கருவியை, தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஒப்பிட்டுச் சான்று வாங்கிய கருவியை, எடுத்து வந்து தனியாக அளப்பார். குற்றம் பரிசோதனைக் கருவியிலா இயந்திரத்திலா என்று தெரிந்துவிடும். அவர் கையெழுத்துப் போடும் வரை எந்த நோயாளியும் உள்ளே போக மாட்டார். நம் நண்பரின் அம்மா காத்திருந்த முக்கால் மணி நேரத்தில் நடந்தது இதுதான்.

டெக்சஸ், டைலர் நகரம், 1986

இனி இரண்டாவது வரியின் கதைக்கு வருவோம். டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் டைலர் என்ற ஊர் வரும். ரோஜாத் தோட்டங்களுக்குப் பேர் போன ஊர். அங்கிருந்த ஈஸ்ட் டெக்சஸ் கேன்சர் சென்டரில் 'தெராக்-25' என்ற லினாக் இருந்தது. கனடாவின் அணுசக்தி நிறுவனம் தயாரித்தது. முந்தைய மாடல்களில் ஆபத்தைத் தடுக்க இருந்த மின் பூட்டுகள் பலவற்றை எடுத்துவிட்டு, அந்தப் பொறுப்பைக் கணினி மென்பொருளிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

1986 மார்ச் 21. முதுகில் கட்டி எடுக்கப்பட்ட ஒருவருக்கு அன்று ஒன்பதாவது சிகிச்சை. அனுபவமுள்ள ஆபரேட்டர் வேகமாகத் தட்டச்சு செய்தார். எலெக்ட்ரான் கதிருக்கு 'ஈ' என்று அடிப்பதற்குப் பதில் எக்ஸ்ரேக்கான 'எக்ஸ்' அடித்துவிட்டார். உடனே கவனித்து, மேலே போய்த் திருத்திவிட்டு, மற்ற வரிகளையும் விரைவாகக் கடந்து தொடங்கும் கட்டளையைக் கொடுத்தார். திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. அந்த எண்ணுக்குத் தெளிவான விளக்கம் அவர்களிடம் இருக்கவில்லை. அந்த இயந்திரம் அடிக்கடி ஏதாவது ஒரு எண்ணைக் காட்டும் வழக்கம் உடையது. அவர் 'தொடர்க' பொத்தானை அழுத்தினார்.

உள்ளே படுத்திருந்தவருக்கு மின்சாரம் தாக்கியது போலவும், முதுகில் கொதிக்கும் காப்பியை ஊற்றியது போலவும் இருந்தது. முந்தைய எட்டு நாளில் இப்படி எதுவும் இல்லை என்பதால் ஏதோ தவறு என்று புரிந்துகொண்டு எழுந்திருக்க முயன்றார். அப்போதுதான் இரண்டாவது முறை கதிர் வந்து கையைத் தாக்கியது. வெளியே இருந்தவருக்கு இது எதுவும் தெரியவில்லை. அன்றைக்கு இண்டர்காம் வேலை செய்யவில்லை, கேமராத் திரையும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. நோயாளி கதவை ஓங்கித் தட்டிய பிறகுதான் தெரிந்தது.

அவருக்குத் தர வேண்டியது 180 ராட், அதாவது 1.8 கிரே. ஒரு சிறிய இடத்தில் அவருக்குச் சேர்ந்தது 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கலாம் என்று பின்னர் கணக்கிட்டார்கள். ஐந்து மாதம் துன்பப்பட்டு இறந்தார்.

தயாரிப்பாளரின் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். அந்தப் பிழையை அவர்களால் மறுபடி வரவழைக்க முடியவில்லை. இயந்திரம் ஏப்ரல் 7 அன்று மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏப்ரல் 11 அன்று, அதே ஆபரேட்டர், அதே வேகம், அதே 'மால்ஃபங்ஷன் 54'. இந்த முறை இண்டர்காம் வேலை செய்தது. நோயாளியின் முனகல் கேட்டு அவர் உள்ளே ஓடினார். முகத்தில் தோல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற அந்த நோயாளி மே 1 அன்று இறந்தார்.

மருத்துவமனையின் பிசிசிஸ்ட் ஃப்ரிட்ஸ் ஹேகர் அன்றே இயந்திரத்தை நிறுத்தினார். யாரோ வந்து சொல்லட்டும் என்று காத்திருக்காமல், ஆபரேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் என்ன செய்தார் என்பதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். கடைசியில் பிடித்துவிட்டார். திருத்தத்தைச் சில நொடிகளுக்குள் மிக வேகமாகச் செய்து முடித்தால் மட்டுமே பிழை வந்தது. திரை 'எலெக்ட்ரான்' என்று காட்டும், ஆனால் இயந்திரத்தின் உள்ளமைப்பு அதற்கு மாறியிருக்காது. பரிசோதிக்க வந்த பொறியாளர்கள் நிதானமாகத் தட்டச்சு செய்ததால் அவர்களுக்கு அது அகப்படவில்லை.

இதைவிட வருத்தம் தரும் செய்தி ஒன்று உண்டு. டைலருக்கு முன்பே, 1985-ல் ஜார்ஜியாவிலும், கனடாவின் ஒண்டாரியோவிலும், வாஷிங்டன் மாநிலத்திலும் இதே மாடல் இயந்திரங்களில் விபத்துகள் நடந்திருந்தன. டைலரில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. 1987 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்ததையும் சேர்த்து மொத்தம் ஆறு விபத்துகள்.

இதில் நாங்கள் மறைக்கக் கூடாத உண்மை ஒன்று இருக்கிறது. காலையில் பலகையை வைத்துக் கதிர் அளவைப் பார்க்கும் பரிசோதனை அந்த மென்பொருள் பிழையைக் கண்டுபிடித்திருக்காது. காலையில் எண் சரியாகவே வந்திருக்கும். ஆனால் இண்டர்காமும் கேமராவும் வேலை செய்திருந்தால் முதல் நோயாளியின் குரல் வெளியே கேட்டிருக்கும், இரண்டாவது தாக்குதல் நடந்திருக்காது. கேமராவும் இண்டர்காமும் வேலை செய்யாவிட்டால் சிகிச்சை கிடையாது என்பது இன்றைய நடைமுறை. தினமும் காலையில் ஒருவர் வெறும் அறைக்குள் போய் "ஹலோ, கேட்கிறதா?" என்று சொல்வது சிலருக்குச் சடங்காகத் தோன்றலாம். எங்களுக்கு அப்படித் தோன்றுவதில்லை.

தினசரிப் பரிசோதனை மட்டும் போதுமா?

போதாது. அதனால்தான் அதற்கு மேல் பல அடுக்குகள் இருக்கின்றன. மாதாந்திர, ஆண்டுப் பரிசோதனைகளைப் பிசிசிஸ்ட் செய்கிறார். சிக்கலான சிகிச்சைத் திட்டம் என்றால், நோயாளிக்குக் கொடுக்கும் முன் அதே திட்டத்தை ஒரு கருவியின் மேல் ஓட்டிப் பார்க்கிறார். 2005-ல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் கணினி முடங்கியதால், கதிரை வடிவமைக்கும் உலோகத் தகடுகளுக்கான கட்டளை பதிவாகாமல் போனது. தகடுகள் முழுவதும் திறந்த நிலையில் மூன்று நாள் சிகிச்சை நடந்துவிட்டது. ஓட்டிப் பார்க்கும் பரிசோதனையை அதற்குப் பிறகுதான் செய்தார்கள். முதல் நாளுக்கு முன் செய்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அந்த நோயாளி 2007-ல் இறந்தார்.

வெளியார் சரிபார்ப்பும் உண்டு. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் 1968 முதல் ஒரு பிரிவு இயங்குகிறது. விரல் நுனி அளவே உள்ள அளவுமானிகளை மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்கள். மருத்துவமனை அவற்றின் மேல் குறிப்பிட்ட அளவு கதிரைச் செலுத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். உண்மையில் எவ்வளவு விழுந்தது என்று ஹூஸ்டனில் படித்துச் சொல்லிவிடுவார்கள். நம் பள்ளியில் விடைத்தாளை வெளியூருக்கு அனுப்பித் திருத்தியது போல! இது தவிர, நியூஜெர்சியில் மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையும், கலிபோர்னியாவில் பொதுச் சுகாதாரத் துறையும், டெக்சஸில் மாநிலச் சுகாதார சேவைகள் துறையும் கதிர்வீச்சு இயந்திரங்களைக் கண்காணிக்கின்றன. 2014 முதல், தவறுகளையும் தவறாகப் போயிருக்கக் கூடியவற்றையும் மருத்துவமனைகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள நாடு தழுவிய ஏற்பாடும் இருக்கிறது. டைலரில் இல்லாமல் போனது அதுதான்.

ஊரில் அப்பா அம்மாவுக்குச் சிகிச்சை நடக்கிறதா? இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியில்லாமல் கதிர்வீச்சு சிகிச்சை மையம் இயங்க முடியாது. அங்கும் மருத்துவ இயற்பியலாளரும் பாதுகாப்பு அதிகாரியும் இருக்க வேண்டும். கீழே உள்ள கேள்விகளை அங்கேயும் கேட்கலாம்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்காக

இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு எழுதியதற்குக் காரணமே இந்தப் பகுதிதான். டைலரில் நோயாளியின் குரல் வெளியே வரவில்லை, ஏனென்றால் கம்பி வேலை செய்யவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் கம்பி நன்றாகவே வேலை செய்யும், குரல்தான் வராது. "இங்கிலீஷ் தெரியாது", "அவங்க பெரிய டாக்டர், அவங்களுக்குத் தெரியாததா", "நான் ஏதாவது சொல்லி வம்பாகிடப் போகுது" என்று எத்தனையையோ பொறுத்துக்கொள்வார்கள். ஆகவே:

- முதல் நாளே ஒரு சைகையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வலி, இருமல், மூச்சுத் திணறல், பயம் எதுவானாலும் கையைத் தூக்கினால் போதும், தெரபிஸ்ட் கேமராவில் பார்த்து நிறுத்திவிடுவார். கையை அசைக்கக் கூடாத சிகிச்சை என்றால் வேறு எந்தச் சைகை என்று கேளுங்கள். அம்மா ஒருமுறை செய்து காட்டட்டும்.

- தானாக எழுந்து இறங்கக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள். படுக்கை உயரத்தில் இருக்கும்.

- மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். தமிழ் வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் தொலைபேசி வழியாகவாவது கிடைக்கும்.

- "நேற்று மாதிரி இல்லை" என்று அம்மா சொன்னால் அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். படுக்க வைத்த விதம், சத்தம், நேரம் எது மாறியிருந்தாலும் கேளுங்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான் இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

- தோலில் வைத்த அடையாளத்தை மஞ்சள், சந்தனம், நலங்கு மாவு தேய்த்து அழித்துவிட வேண்டாம். லேசர் கோடு 2 மில்லிமீட்டருக்குள் இருந்து என்ன பயன், பொருத்த வேண்டிய புள்ளியே போய்விட்டால்? அழிந்துவிட்டால் நீங்களே பேனாவால் வரையாமல் தெரபிஸ்டிடம் சொல்லுங்கள்.

- கழுத்து, மார்புப் பகுதியில் சிகிச்சை என்றால் தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்லலாம். திட்டமிடும் ஸ்கேன் அன்றே இதைப் பேசி முடிவு செய்துவிட்டால் தினமும் மனக்கஷ்டம் இல்லை.

- பிசிசிஸ்டைச் சந்திக்க வேண்டும் என்று கேட்கலாம். "இந்த இயந்திரத்தைத் தினமும் பரிசோதிக்கிறீர்களா? வெளியார் யாராவது கதிர் அளவைச் சரிபார்க்கிறார்களா? என் அம்மாவின் திட்டத்தை முன்னதாக ஓட்டிப் பார்த்தீர்களா?" இந்த மூன்று கேள்விகளுக்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்களைக் கேட்டால் சந்தோஷமாகக் கணினியைத் திறந்து வரைபடத்தையே காட்டுவோம்.

அடிக்கடி கேட்கப்படும் இரண்டு கேள்விகள்

*சிகிச்சை முடிந்து வந்த பாட்டி பேரக்குழந்தையைத் தூக்கலாமா?*

லினாக்கில் சிகிச்சை பெற்றவர் என்றால் தாராளமாகத் தூக்கலாம். கதிர் நின்றதும் உடலில் எதுவும் தங்குவதில்லை. தனித்தட்டு, தனிப்படுக்கை எதுவும் வேண்டாம். உடலுக்குள் கதிரியக்கப் பொருளை வைக்கும் சிகிச்சைகளும், தைராய்டுக்குத் தரும் அயோடின் மருந்தும் வேறு வகை. அவற்றுக்கு மருத்துவமனை சொல்லும் விதிகளைப் பின்பற்ற வேண்டும்.

*இயந்திரம் பழுது என்று ஒரு நாள் சிகிச்சை இல்லை என்றால் ஆபத்தா?*

ஒரு நாள் தள்ளிப்போனால் பொதுவாக அதை வேறு நாளில் ஈடுகட்டுவார்கள். நீண்டால் மருத்துவக் குழு மாற்று ஏற்பாடு செய்யும். ஆனால் நாமாக விடுப்பு எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

நண்பரின் அம்மாவுக்குச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தராசுக் கதையை மகன் அவரிடம் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு தினமும் உள்ளே போகும்போது தெரபிஸ்டைப் பார்த்து, "மெஷின் பாஸ்?" என்று கேட்பாராம். அந்தப் பெண்ணும் கட்டை விரலை உயர்த்தி "பாஸ்!" என்பாராம். ஒரு நாள் மட்டும், தோள்பட்டை வலித்ததால், பேசி வைத்தபடி கையைத் தூக்கியிருக்கிறார். உடனே நிறுத்தி, உள்ளே வந்து, தலையணையைச் சரிசெய்து, மறுபடி படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்கள். பத்து நிமிடம் தாமதம். அடுத்து காத்திருந்தவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை என்று மகன் சொன்னார்.

இக்கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. உங்கள் சிகிச்சை பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவரோடு கலந்து பேசி எடுங்கள்.